அறுபது, முப்பத்து மூன்று, ஐந்து, இரண்டு

எங்கள் அக்காவுக்குக் குமிழி என்ற பெயர் பள்ளிக்கூடத்து உயிரியல் ஆய்வகத்தில் வந்தது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடித் துண்டில் பரப்பி, ஒரு சொட்டுச் சாயம் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்ததை ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும். அக்கா ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு பீரியட் முழுக்கப் பார்த்தாள். பிறகு வரைந்தாள். பெரிய வட்டம், கரி பூசியது போலக் கனத்த விளிம்பு, உள்ளே வெறுமை, ஓரத்தில் பிறை போலக் கொஞ்சம் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்காக மட்டும் மூன்று முறை அழித்து அழித்து வரைந்தாளாம்.

உயிரியல் டீச்சர் நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார்.

"இது என்னன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

யாருக்கும் தெரியவில்லை.

"காத்துக் குமிழி. மேல மூடி போடறப்ப உள்ள மாட்டிக்கிட்ட காத்து. நம்ம ஆளு அதைப் போய் உக்காந்து படம் பிடிச்சிருக்காங்க. கண்ணும் மூக்கும் வச்சிருந்தா இன்னும் லட்சணமா இருந்திருக்கும்."

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் படத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். இழுத்துவிட்டு, கோபமில்லாமல்தான், சொன்னார்: "மைக்ரோஸ்கோப்ல தெரியறதை எல்லாம் வரைஞ்சா மார்க் வராது, கண்ணு. தெரிய வேண்டியதை வரைஞ்சாத்தான் வரும். புத்தகத்தைப் பார்த்து வரை."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்கா சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து புத்தகத்தைப் பார்த்து வரைந்தாள். தவளையின் இதயம், இலையின் குறுக்குவெட்டு, மனித ரத்தத்தின் ஐந்து வகை வெள்ளை அணுக்கள். சுவர் செங்கல் அடுக்கியது போல நேராக இருக்கும். எழுத்துகள் எறும்பு ஊர்ந்தது போலப் பொடியாக, வரிசையாக இருக்கும். மற்ற பெண்கள் கெஞ்சி அவர்களுடைய நோட்டுகளையும் அவளிடமே வரையக் கொடுத்தார்கள். ஆய்வகத்தில் அவள் கடைசி வரை நூற்றுக்கு நூறு. அந்தப் பள்ளியில் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தது அந்த ஒரு நாள்தான்.

டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்கவில்லை. இரண்டு முறை தேர்வு எழுதினாள். முதல் முறை கொஞ்சத்தில் போனது, இரண்டாவது முறை நிறையத்தில் போனது. பிறகு இரண்டு வருட லேப் டிப்ளமோ. அம்மா அதுவரை சொந்தக்காரர்களிடம் "டாக்டருக்குப் படிக்கப் போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு "ஆஸ்பத்திரி லைன்ல இருக்கா" என்று மாற்றிக்கொண்டாள். அந்த லைன் எங்கே போய் முடிகிறது என்று யாரும் கேட்கவில்லை.

நான் அவளைவிட ஆறு வயது சின்னவள். வீட்டைவிட்டுக் கிளம்பி ஏழு வருடம் எங்கெங்கோ சுற்றினேன். "சின்னவளுக்குக் கால்ல சக்கரம், பெரியவளுக்குக் கால்ல ஆணி" என்பாள் அம்மா. நான் திரும்பி வந்தபோது அக்காவுக்கு முப்பத்தாறு முடிந்திருந்தது. அதே கட்டில், அதே ஜன்னல், பதிமூன்று வருடமாக அதே லேப்.

லேப் என்றால் மூன்று அறை. ஒரு பக்கம் டயர் கடை, மறு பக்கம் ஜெராக்ஸ் கடை. முன்னறையில் கவுன்ட்டர், அங்கே உட்காருகிற அம்மாவைக் கவுன்ட்டர் அக்கா என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். நடு அறையில் அகலக் கைவைத்த நாற்காலி, அங்கே எங்கள் அக்கா ரத்தம் எடுப்பாள். பின்னறையில் ரத்த அணுக்களை எண்ணும் மெஷின், ஜன்னலோரம் மைக்ரோஸ்கோப், ஒரு தொட்டி. முதலாளியை சார் என்பார்கள். முன்பு மருந்துக் கம்பெனியில் விற்பனைக்காரராக இருந்தவர். இது போக ஒரு டாக்டர் உண்டு. புதன்கிழமை புதன்கிழமை வந்து டீ குடித்துவிட்டுப் போவார். அவருடைய கையெழுத்து கம்ப்யூட்டரிலேயே இருந்தது. எல்லா ரிப்போர்ட்டின் அடியிலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அக்கா அவருக்குக் கையெழுத்து டாக்டர் என்று பெயர் வைத்திருந்தாள்.

நான் வந்த சமயம் அந்த மெஷின் கெட்டுப்போயிருந்தது. பாகம் வர வேண்டும், வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது என்று இரண்டு வாரம் ஓடிவிட்டது. மெஷின் இல்லையென்றால் கையால் எண்ண வேண்டும். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெலிதாக இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து நூறு வெள்ளை அணுக்களை எண்ணி, ஐந்து வகையில் எது எத்தனை என்று எழுத வேண்டும். கைக்கடக்கமான ஒரு கருவி அதற்கு இருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பொத்தான். நூறு ஆனதும் மணி அடிக்கும். கை தேர்ந்த ஆளுக்கு ஒரு கண்ணாடிக்கு ஐந்து நிமிடம். காலையில் எழுபது பேர் வருவார்கள். மதியத்துக்குள் ரிப்போர்ட் போக வேண்டும்.

"எப்படி முடிக்கிற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எழுதிப் போட்டுடுவேன்."

"அப்படின்னா?"

"அறுபது, முப்பத்து மூணு, அஞ்சு, ரெண்டு. அஞ்சாவது வகை யாருக்கும் இருக்காது, சைபர். கூட்டினா நூறு. எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டா சந்தேகம் வரும்னு சிலருக்கு அறுபத்திரண்டு, முப்பது." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நூத்துல தொண்ணூத்தஞ்சு பேருக்கு அப்படித்தான் இருக்கும். இந்தத் தொழில்ல எல்லாரும் பண்றதுதான்டி. அப்படிப் பார்க்காதே."

ஆனால் கண்ணாடி மட்டும் ஒழுங்காகச் செய்வாள். ஒவ்வொருவர் ரத்தத்தையும் இழுத்து, சாயம் ஏற்றி, காய வைத்து, எண் போட்டுப் பெட்டியில் அடுக்கிவிடுவாள். அந்த எழுபது கண்ணாடியும் நகைக்கடையில் வைக்கிற மாதிரி இருக்கும். ஒன்றையும் யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்துக் கழுவிப் போடுவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க லேப்புக்குப் போனேன். பின்னறையில் மைக்ரோஸ்கோப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தாள். அன்று காலைதான் மைக்ரோஸ்கோப்புக்குப் புது பல்பு போட்டிருந்தார்கள். வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பெட்டியில் கைக்கு வந்த ஒரு கண்ணாடியை எடுத்து வைத்திருக்கிறாள்.

"இங்க வா. கண்ணை வை."

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"தெரிய வேண்டாம். என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு."

வைத்தேன். "ஊதா ஊதாவா உருண்டை. நிறைய இருக்கு."

"எல்லாம் எப்படி இருக்கு?"

"ஒரே மாதிரி. ஒரே அச்சுல வார்த்த மாதிரி. அழகா இருக்கு."

"அழகா இருக்கக் கூடாதுடி," என்றாள். "விதவிதமா இருக்கணும்."

என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள். விரல்கள் பொத்தான்களில் ஓடின. பெரும்பாலும் ஒரே பொத்தான்தான். மணி அடித்தது. எண்களைப் பார்த்தாள். பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மறுபடி மணி அடித்தது. எண்பத்து நான்கு. முதல் தடவையும் அதேதான்.

வெள்ளை அணுக்கள் எலும்புக்குள்ளே முற்றிய பிறகுதான் ரத்தத்துக்கு வரும் என்று எனக்கு அப்போதுதான் சொன்னாள். முற்றாத பிஞ்சு ஒன்று வெளியே தெரிந்தாலே நிமிர்ந்து உட்கார வேண்டும். இங்கே நூற்றுக்கு எண்பத்து நான்கு பிஞ்சு. அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். ரத்தப் புற்றுநோய் என்றாள், கவுன்ட்டருக்குக் கேட்காத குரலில்.

கம்ப்யூட்டரில் அந்தக் கண்ணாடியின் எண்ணைப் போட்டாள். பெண் குழந்தை. வயது ஆறு. பதினோரு நாள் முந்தைய தேதி. ரத்தத்தின் சிவப்பு அளவு மட்டும் நிஜமாக அளந்தது. குறைவு என்று இருந்தது. அதற்குக் கீழே அறுபது, முப்பத்து மூன்று, ஐந்து, இரண்டு. அதற்குக் கீழே "வெள்ளை அணுக்கள் இயல்பு". அதற்குக் கீழே கையெழுத்து டாக்டரின் கையெழுத்து.

ரிப்போர்ட்டில் ஒரு போன் நம்பர் இருந்தது. அக்கா அவளுடைய போனில் அதை ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். காதில் வைத்தாள். முன்னறையில் கவுன்ட்டர் போன் அடித்தது.

கவுன்ட்டர் அக்கா எடுத்தாள். "வணக்கம், லேப்."

எங்கள் அக்கா இந்தப் பக்கம் போனைக் காதில் வைத்தபடியே வாசல் வழியாக அவளைப் பார்த்தாள். அவள் திரும்பி இவளைப் பார்த்தாள். இரண்டு பேர் காதிலும் போன்.

"அக்கா, இது நம்ம நம்பர்," என்றாள் எங்கள் அக்கா.

கவுன்ட்டர் அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. "பத்து எண் போடலைன்னா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாதும்மா. போனை வீட்ல வச்சிட்டு வந்துட்டேன், நம்பர் மனப்பாடம் இல்லைன்னாரு அந்த ஆளு. க்யூ ரோடு வரைக்கும் நிக்குது. நான் என்ன பண்ணுவேன்?"

"வேற யாருக்கெல்லாம் இப்படிப் போட்டிருக்கீங்க?"

அவள் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

சார் மதியம் வந்தார். மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கச் சொன்னதற்கு, "எனக்குப் பார்த்தா என்ன புரியும்?" என்றார். அது உண்மைதான்.

"சாயம் சரியா ஏறியிருக்காது."

"ரெண்டு தடவை எண்ணினேன் சார்."

"எண்ணினியா? உனக்கு எண்ணத் தெரிஞ்சா பதினோரு நாளைக்கு முன்னாடியே எண்ணியிருக்கலாமே. அப்ப யாரு கையைப் பிடிச்சது?"

சார் பின்னறைக் கதவைச் சாத்தினார்.

"எத்தனை பேர்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்லை சார்."

"குழந்தைன்னா ஒரு லேபோட விடுவாங்களா? நாலு இடத்துல காட்டியிருப்பாங்க. நீ பெட்டியோட எல்லாத்தையும் கழுவு. இன்னைக்கே."

அக்கா பெட்டியைத் தொட்டிக்கு எடுத்துப் போய் எல்லாக் கண்ணாடிகளையும் கழுவினாள். ஒன்றைத் தவிர. அது அவளுடைய கோட்டுப் பையில், பஞ்சில் சுற்றி இருந்தது.

டயர் கடை வாசலில் நின்று கையெழுத்து டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் "என் கையெழுத்துலயா போச்சு?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறைக்குப் பிறகு, "குழந்தையைக் கண்டுபிடிச்சா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. ஒரு நாள் கூடத் தள்ளாதீங்க. என் பேரைச் சொல்லாதீங்க," என்று வைத்துவிட்டார்.

"குழந்தை முகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"முகம் ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு எழுபது பேர்டி. நான் முகத்தைப் பார்க்கிறதில்லை. கையைப் பார்ப்பேன்." அக்கா தன் இடது முழங்கை மடிப்பைத் தொட்டுக் காட்டினாள். "இங்க, நரம்புக்கு ரெண்டு விரல் கீழ, தழும்பு ஒண்ணு. வளைஞ்சு கொக்கி மாதிரி. அப்புறம்..."

"அப்புறம்?"

"நீலம் நீலமா கன்னிப் போன இடங்கள். நாலஞ்சு. என்னம்மா இதுன்னு கேட்டேன். அவங்க அப்பா, எப்பப் பாரு விழுந்துட்டே இருப்பான்னாரு. நான் சிரிச்சேன்." கோட்டுப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "சிரிச்சேன்டி. அதைப் பார்த்துட்டு, உள்ள போய் அறுபது முப்பத்து மூணு எழுதியிருக்கேன்."

இன்னொன்றும் ஞாபகம் இருந்தது. ஊசி எடுத்த பிறகு அந்தக் குழந்தை அழவில்லை. என் ரத்தத்துல என்ன இருக்கு என்று கேட்டிருக்கிறாள். குட்டிக் குட்டி உருண்டை இருக்கு, மைக்ரோஸ்கோப்ல தெரியும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். எனக்குக் காட்டுவீங்களா? அடுத்த தடவை வா, காட்டறேன். யூனிஃபார்ம் பழுப்பு, காலரில் வெள்ளைக் கட்டம்.

அந்த யூனிஃபார்ம் இரண்டு பள்ளிகளில் உண்டு. ஒன்று அக்கா படித்த பள்ளி.

"அங்க அப்புறம் போவோம்," என்றாள்.

அதனால் அன்று சாயங்காலம் மற்ற பள்ளியின் வாசலில் நின்றோம். மணி அடித்ததும் பழுப்பு நிறத்தில் குழந்தைகள் அணை உடைந்த மாதிரி வந்தார்கள். அக்கா குனிந்து குனிந்து முழங்கைகளைப் பார்த்தாள். முதலில் பார்வையால். பிறகு பொறுக்க முடியாமல் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துத் திருப்பினாள். பிறகு இன்னொன்று.

காவலாளி வந்தார். "என்னம்மா, புள்ளைங்க கையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பார்க்கிறீங்க? ஜோசியமா?"

"ஒரு குழந்தையைத் தேடறோம்ண்ணே."

"பேரு?"

ரிப்போர்ட்டில் பெயர் இருந்த இடத்தில் "பாப்பா" என்று மட்டும் இருந்தது. அதுவும் கவுன்ட்டர் அக்காவின் அவசரம். "தெரியாது," என்றாள் அக்கா.

"எந்த வகுப்பு?"

"தெரியாது."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"கையில தழும்பு இருக்கும்."

அதற்குள் நாலைந்து தாய்மார்கள் சூழ்ந்துகொண்டார்கள். நீங்க யாரு என்று ஒருத்தி கத்தினாள். அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நான் ரத்தம் எடுக்கிறவ," என்றாள்.

"ஐயோ, ரத்தம் எடுக்கிறவளாம்!"

இரண்டு தெரு ஓடினோம். வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அக்கா ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாததால் வெறும் தண்ணீர்தான் வந்தது.

மறுநாள் காலை அவளுடைய பள்ளிக்குப் போனோம். உயிரியல் ஆய்வகம் மாடிப்படிக்குப் பக்கத்தில். டீச்சர் இன்னும் அங்கேதான் இருந்தார். கயிற்றில் கோத்த மூக்குக் கண்ணாடியை மாட்டியிருந்தார். அக்காவை அடையாளம் காண அவருக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை.

"ஏய், குமிழி!"

பெஞ்சுகளில் பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். மைக்ரோஸ்கோப்புகள் உறை போட்டபடி வரிசையாக இருந்தன. முன் மேஜையில் விரித்து நிறுத்தியிருந்த ஒரு நோட்டைத்தான் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளாஸ்டிக் உறை. எனக்கு அந்த எழுத்து தூரத்திலேயே தெரிந்தது. எறும்பு ஊர்ந்த எழுத்து.

"இருபது வருஷமா இவங்களுக்கு உன் ரெக்கார்டுதான்," என்றார் டீச்சர் பெருமையாக. "புத்தகத்தை விட நல்லா இருக்கும்னு இதையே பார்த்துப் போடச் சொல்லிடறேன். பொண்ணுங்களா, இவங்கதான் அவங்க."

விரிந்திருந்த பக்கம் ரத்தம். ஐந்து வகை வெள்ளை அணுக்கள், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், அதனதன் நிறத்தில். பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"டீச்சர், எனக்கு ஒரு குழந்தையைக் கண்டுபிடிக்கணும்," என்றாள் அக்கா. அந்த நோட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பார்க்காமல் எழுதினேன் என்பதையும் சொன்னாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அதெப்படி பார்க்காம எழுதுவ? நான் அப்படியா உனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

டீச்சர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அந்த நோட்டைப் பார்த்தார். "வா," என்று ஆரம்பப் பிரிவுக்கு முன்னால் நடந்தார். வேகமாகத்தான் நடந்தார்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் சின்னப் பெண். தழும்பு என்றதுமே சொல்லிவிட்டாள். "கம்பி கீறினது. ஆமா, எங்க வாயாடி. ஏழு நாளா வரலையே." வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு விடுப்புக் கடிதத்தை எடுத்தாள். காய்ச்சல் விடவில்லை, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, ரத்தம் பரிசோதித்தாகிவிட்டது என்று அப்பா எழுதியிருந்தார். சாட்சிக்கு ரிப்போர்ட்டின் ஜெராக்ஸைக் குண்டூசியால் குத்தியிருந்தார். அறுபது, முப்பத்து மூன்று, ஐந்து, இரண்டு. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

வீடு ஒரு சலவைக் கடைக்குப் பின்னால், மூன்றாவது மாடி. அப்பா கதவைத் திறந்தார். லிஃப்ட் மெக்கானிக், சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தார். இவர் ஒரு வாரமாக லீவு போட்டுக் குழந்தையோடு இருந்தார். குழந்தை சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். உதடு தாள் நிறத்தில் இருந்தது. தலையணை உறையில் மூக்கிலிருந்து வடிந்த ரத்தம் காய்ந்திருந்தது.

"லேப்லேர்ந்தா? வாங்க வாங்க. நீங்களே வீடு தேடி வந்திருக்கீங்க." நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "எல்லாம் பார்த்தாச்சு மேடம். ரெண்டு டாக்டர். ரெண்டு பேருமே உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, ரத்தம் கம்மி, மத்ததெல்லாம் நல்லா இருக்கு, சத்து மருந்து குடுங்கன்னாங்க. எங்க போனாலும் முதல்ல இதைத்தான் நீட்டறேன்." பிளாஸ்டிக் கவரில் போட்டு மடித்து வைத்திருந்ததைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

அக்கா உட்காரவில்லை. "அது பொய் சார்," என்றாள்.

"எது?"

"அதுல இருக்கிற நாலு நம்பரும். நான் பார்க்காம எழுதினேன். நேத்துதான் பார்த்தேன். குழந்தையை இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்." பிறகு நோயின் பெயரைச் சொன்னாள்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அக்காவுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"லிஃப்ட் கயிறைப் பார்க்காம, பார்த்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்," என்றார். "நான் எட்டாங்கிளாஸ். நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாதா?"

கட்டிலிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "அப்பா, ஊசி ஆன்ட்டி. மைக்ரோஸ்கோப் கொண்டு வந்திருக்காங்களா?"

அவர் ரிப்போர்ட்டைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை அக்காவிடம் நீட்டினார். டெஸ்டருக்குப் பக்கத்திலிருந்த பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். "நீங்க பார்த்தது என்னன்னு எழுதுங்க. வாயால சொன்னா அங்க யாரும் நம்ப மாட்டாங்க. இந்தத் தாளைத்தான் ஊரே நம்பிச்சு."

அக்கா சுவரில் தாளை வைத்து எழுதினாள். முற்றாத அணுக்கள் எண்பத்து நான்கு. பதிமூன்று. இரண்டு. ஒன்று. கூட்டல் நூறு. முதலில் கொடுத்த எண்கள் பார்க்காமல் எழுதப்பட்டவை. ரிப்போர்ட்டில் அவளைப் போன்றவர்கள் கையெழுத்துப் போட இடமே கிடையாது. பதிமூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தன் கையெழுத்தைப் போட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தாளும், பஞ்சில் சுற்றிய கண்ணாடியும் இல்லாவிட்டால் வரிசையில் ஒரு நாள் போயிருக்கும் என்றார்கள். வார்டு டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதை யாரு எண்ணினது?"

"நான்."

"சரியா எண்ணியிருக்கீங்க," என்றார். பிறகு தேதியைப் பார்த்தார். "இது பன்னெண்டு நாளைக்கு முன்னாடி எடுத்ததா? அப்பவே வந்திருந்தா, இந்தக் காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கறதுக்கு..." அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. சார் அவளை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார். எல்லாம் அந்த ஒருத்தி செய்தது, எங்களுக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்து டாக்டர் புதன்கிழமை வருவதை நிறுத்திவிட்டார். குழந்தையின் அப்பா புகார் கொடுத்தார். கொடுக்க வேண்டியதுதான். விசாரணையில் அக்கா எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்றாள். இனி எந்த லேப்பிலும் அவள் வேலை செய்ய முடியாது. சொந்தக்காரர்கள் விசாரித்தால் அம்மா இப்போது, "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா," என்கிறாள். அது பொய்யில்லை. அக்கா வியாழக்கிழமை தோறும் போகிறாள்.

வியாழக்கிழமை அந்தக் குழந்தைக்கு ரத்தம் எண்ணும் நாள். அக்காவை வார்டுக்குள் விடக் கூடாது என்று அப்பா சொல்லிவைத்திருக்கிறார். அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் கூடப் போவேன். எங்கேயும் கிளம்ப எனக்கு மனசு வரவில்லை. மதியம் போல அவர் வெளியே வருவார். நூற்றுக்கு எத்தனை பிஞ்சு என்ற எண்ணை மட்டும் சொல்வார். வேறு ஒரு வார்த்தை கிடையாது. சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். எதற்காக வந்து சொல்கிறார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தண்டனையாக இருக்கலாம். வேறு யாருக்கும் அந்த எண் புரியாது என்பதாகவும் இருக்கலாம்.

முதல் வாரம் எழுபத்தொன்று. பிறகு நாற்பது. பிறகு ஆறு. ஏழாவது வாரம் அவர் வந்து, "சைபர்," என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்கா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். அடுத்த நான்கு வாரமும் சைபர். ஒரு வியாழக்கிழமை, சொல்ல வேண்டாததைச் சொல்லிவிட்டவர் போல, "அவ மைக்ரோஸ்கோப் கேக்கறா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்கா அந்த வாரம் முழுக்கப் பழைய மைக்ரோஸ்கோப் யாராவது கொடுப்பார்களா என்று அலைந்தாள். உயிரியல் டீச்சரிடம் கேட்டோம். உறையைக் கழற்றி, துடைத்து, ஒரு மாதத்துக்கு இரவல் என்று எழுதிக் கொடுத்தார்.

சென்ற வியாழக்கிழமை அதைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தோம். மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். அவர் வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார். பையைப் பார்த்தார்.

"பதினொண்ணு," என்றார்.

அக்கா எழுந்துவிட்டாள். "யாரு எண்ணினது?"

"நீங்க கேப்பீங்கன்னு தெரியும்." அவருடைய கை சட்டைப் பையில் இருந்த டெஸ்டரைத் தேவையில்லாமல் எடுத்துத் திரும்பச் செருகியது. "உள்ள போய் நின்னு நானே கேட்டேன். ரெண்டு பேரு தனித்தனியா எண்ணினாங்களாம்."

"சில சமயம் சாயம் சரியா ஏறாம..."

"பார்த்துத்தான் எண்ணினோம்னாங்க," என்றார்.

அவர் உள்ளே போனார். கதவு ஆடி நின்றது. அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்து விளக்குகளை அணைக்கத் தொடங்கும் வரை எழுந்திருக்கவில்லை.